குடகனாற்று நுரைக்குக் கடலின் அளவுகோல்: நுரைத்துகள் ஆயுள் குறித்த ஒரு மறுவாசிப்பு

கணினி வரைகலையில் நீர்மச் சிமுலேஷன் செய்வோரிடையே கேள்வியின்றி நிலைத்துவிட்ட ஒரு பாகுபாடு உண்டு. நுரை எங்கே பிறக்கிறது, எவ்வளவு பிறக்கிறது என்பது இயற்பியல். பிறந்த நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது ரசனை. ஆகவே நுரைத்துகளின் ஆயுளைக் காட்சிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்பது இதுவரையிலான ஆய்வுகளின் பெரும்போக்கு. கடலலையையும் பேரருவியையும் மட்டும் கண்முன் வைத்துக்கொண்டால் இந்தக் கருத்தோடு சண்டையிட வேண்டியதில்லை. திண்டுக்கல் சமவெளியில் ஓடும் குடகனாறு போன்ற, ஆழமற்ற, மெதுவான, கழிவு கலந்த ஆற்றை உருவாக்க முனையும்போதுதான் இது உடைகிறது. அத்தகைய ஆறுகளில் ஆயுள்தான் இயற்பியல், பிறப்பு இரண்டாம்பட்சம். இதுவே என் வாதம். எல்லா நீருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

விவாதத்தின் மையம் ஒரே ஒரு கட்டுரை. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் இம்சன், நாதிர் அகின்ஜி, கிஸெம் அகின்ஜி, மத்தியாஸ் டெஷ்னர் ஆகியோர் 2012-இல் ‘தி விஷுவல் கம்ப்யூட்டர்’ இதழில் வெளியிட்டது. திவலை, நுரை, காற்றுக்குமிழி மூன்றையும் ஒரே முறைக்குள் கொண்டுவந்தது அது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளின் 2.82 பதிப்பில் (2020) மான்டாஃப்ளோ என்னும் நீர்மச் சிமுலேஷன் கட்டமைப்பு வழியாக நுழைந்த அலைமுகடு, சிக்கிய காற்று, இயக்க ஆற்றல் என்ற மூன்று ‘பொட்டென்ஷியல்’ செட்டிங்குகளும் அதன் வழிவந்தவைதான். இம்முறையில் ஓர் இடத்தில் பிறக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிட, சிக்கிய காற்றின் மதிப்பையும் அலைமுகட்டின் மதிப்பையும் தனித்தனி எடையோடு கூட்டி, வரும் தொகையை இயக்க ஆற்றலின் மதிப்பால் பெருக்க வேண்டும். முதலிரண்டும் கூட்டலில் நிற்கின்றன; மூன்றாவது பெருக்கலில் நிற்கிறது. அது பூச்சியமானால் மற்ற இரண்டும் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்வதுதான். ஆயுளைப் பற்றி அக்கட்டுரை சொல்லும் சில வாக்கியங்களில்தான் நான் வேறுபடுகிறேன். மூன்று வகைத் துகள்களில் நுரைக்கு மட்டுமே ஆயுள் குறைகிறது; திவலைக்கும் குமிழிக்கும் குறைவதில்லை. ஒரு கீழ்வரம்பும் ஒரு மேல்வரம்பும் வைத்து, அந்த இடத்தில் அந்த நொடியில் எத்தனை துகள்கள் பிறந்தனவோ அதற்கு ஏற்பத் தொடக்க ஆயுள் தரப்படுகிறது. பெரிய நுரைத்திரள் சிறியதைவிட நீடித்து நிற்கும், கண்ணால் காண்பதும் அதுவே என்பது ஆசிரியர்கள் தரும் நியாயம். பெரும்பாலோர் இதை ஒரு வசதிக்கான ஏற்பாடாகப் படித்துக் கடந்துவிட்டார்கள். எனக்கு இது வெறும் வசதியாகத் தெரியவில்லை. ஆயுள் எண்ணிக்கையைச் சார்ந்தது. எண்ணிக்கை இயக்க ஆற்றலைச் சார்ந்தது. அப்படியானால் ஆயுளும் இயக்கத்தின் மறுபெயர்தான். ரசனைக்கு விட்டதாகச் சொல்லப்படும் செட்டிங், உண்மையில் இயக்கத்தையே இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருக்கிறது.

எண்களில் பார்ப்போம். ஆயுளின் கீழ்வரம்பு 1 நொடி, மேல்வரம்பு 10 நொடி. ஓரிடத்தில் நொடிக்கு 100 துகள்கள் பிறக்கின்றன, அதுவே உச்சம். அவற்றுக்கு 10 நொடி ஆயுள் கிடைக்கும். எந்நேரமும் நீர்மேல் நிற்கும் நுரைத்துகள்கள் 1,000. இன்னோர் இடத்தில் நொடிக்கு 10 பிறக்கின்றன. அவற்றின் ஆயுள் 1.9 நொடி, நிற்பவை 19. பிறப்பில் பத்துக்கு ஒன்றாக இருந்த வேறுபாடு இருப்பில் ஐம்பதுக்கும் மேலாகிவிட்டது. கீழ்வரம்பைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் அது நூறுக்கு ஒன்று. ஆர்ப்பரிக்கும் நீருக்கு இரட்டைப் பரிசு, அமைதியான நீருக்கு இரட்டைத் தண்டனை.

இயக்க ஆற்றலின் கணக்கில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது துகளின் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்குவது. நீரையே துகள்களாகக் கணக்கிடும் இம்முறையில் நீர்த்துகள்களின் இடைவெளி 10 செ.மீ. என்றால் ஒரு துகளின் கொள்ளளவு ஒரு லிட்டர், நிறை ஒரு கிலோ. நுரை பிறக்கத் தேவையான ஆற்றலின் கீழ்வரம்பு 5 ஜூல் என்று வைத்தால், அரை மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுந்தாலே அந்தத் துகள் நுரைக்கத் தகுதி பெற்றுவிடும். காட்சி தெளிவாக வர வேண்டுமென்று இடைவெளியை 5 செ.மீ. ஆக்குகிறோம். நிறை எட்டில் ஒரு பங்கு, 125 கிராம். இப்போது அதே 5 ஜூலுக்கு 4 மீட்டருக்கு மேல் விழ வேண்டும்! ஒரு மீட்டர் உயரத் தடுப்பணையில் வழியும் நீர் முதல் காட்சியில் நுரைக்கும், இரண்டாவதில் ஒரு துகள்கூடப் பிறக்காது. மாறியது ரெசல்யூஷன் மட்டும். வரம்பு எண்ணை ரெசல்யூஷனோடு சேர்த்து மாற்றாதவர்கள், ‘என்ன செய்தும் நுரை வரவில்லை’ என்று துகள் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பூச்சியத்தை எத்தனையால் பெருக்கி என்ன பயன்?

இதே திண்டுக்கல் மாவட்டத்தின் மேல்விளிம்பில், கொடைக்கானல் மலைச்சாலை ஓரம், ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி விழுகிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் அங்கே நம் 125 கிராம் துகளின் ஆற்றல் 67 ஜூல். இயக்க ஆற்றலின் மதிப்பு முழுமை பெறும் ஒரு மேல்வரம்பு எண்ணைப் பிளெண்டர் இயல்பாக வைத்திருக்கிறது. அந்த எண்ணை ஜூலாகவே எடுத்துக்கொண்டாலும் அருவி அதைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. ஆகவே இம்முறைப்படி அருவியில் நுரை மிகுதியாகப் பிறக்கும், நீண்ட நேரமும் வாழும். கீழே சமவெளித் தடுப்பணையில் நுரையே இருக்காது. நடப்பதோ நேர்மாறு. அருவியடியில் வெண்மை கண்ணைப் பறிக்கும், ஆனால் சில அடி தள்ளிப்போனால் நீர் தெளிந்துவிடும். மழைக்குப் பிறகு தடுப்பணைக்குக் கீழே நின்று பார்த்தால், இடுப்புயரம்கூட விழாத நீர் கிளப்பிய நுரை, ஓரத்துச் சுழலில் மாட்டி, பழுப்பேறி, தட்டு தட்டாகச் சேர்ந்து, கரைப்புல்லில் ஒட்டி, வெயில் ஏறும்வரை கிடக்கும். உடைவதற்கு அவசரமே காட்டாது.

காரணம் வேகமன்று, நீரில் கரைந்திருப்பது. சுத்தமான நீரில் குமிழியின் சுவர் வடிந்து மெலிந்து உடனே அறுந்துவிடும். சோப்பு மூலக்கூறோ புரதமோ அந்தச் சுவரின் பரப்பில் ஏறிக்கொண்டால், மெலிந்த இடத்தில் பரப்பு இழுவிசை கூடி அக்கம்பக்கத்து நீரை அங்கே இழுக்கும். சுவர் தன்னைத்தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். மட்கிய இலைச்சாறுகூட இதைச் செய்யும் என்பதால் ஆற்றில் நுரை கண்டவுடன் ஆலையைக் குற்றம் சொல்லவும் முடியாது. திண்டுக்கல்லில் அந்தச் சந்தேகத்துக்கு வலுவான வரலாறு உண்டு. நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளை, ஊர்வழக்கில் தோல் ஷாப்புகளை, மேல்குடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீரோடு இணைத்து ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஊறவைக்கும்போது சேர்க்கும் நனைப்பிகள், கொழுப்பு நீக்கிகள், சுண்ணாம்பில் ஊறித் தோலிலிருந்து கரைந்து வரும் புரதம் என நுரையை நிலைநிறுத்தும் பொருள்கள் அந்தத் தொழிலின் கழிவுநீரில் இயல்பாகவே உண்டு.

இந்த வேதியியல் முழுவதும் சிமுலேஷனில் நுழையக்கூடிய ஒரே வாசல் ஆயுள் என்ற எண்தான். அதையும் இயக்கத்துக்கு அடகு வைத்துவிட்டால் தெளிந்த நீரையும் கழிவு கலந்த நீரையும் பிரித்துக் காட்ட வழியே இல்லை. நொடிக்கு 30 செ.மீ. ஓடும் ஆற்றில் 5 நொடி வாழும் நுரை ஒன்றரை மீட்டர் போய் மறையும். 20 நிமிடம் வாழும் நுரை 360 மீட்டர் போகும். முதலாவது, அணையடியில் ஒரு வெள்ளைப் பட்டை. இரண்டாவது, வளைவுகள் தோறும் தேங்கி ஆற்றின் முகத்தையே மாற்றும் படலம். பிறப்பு வீதத்தை எவ்வளவு ஏற்றினாலும் முதல் காட்சி இரண்டாவதாகாது. பட்டை தடிக்கும், நீளாது.

எனவே நான் முன்வைக்கும் அமைப்பு, பயிற்சி நூல்கள் சொல்லும் வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் நீர் எத்தகையது என்று முடிவுசெய்து ஆயுளை நிறுத்த வேண்டும். பிளெண்டரில் துகள் ஆயுளின் இயல்பான எண்கள் கீழே 10, மேலே 25. இரண்டையும் ஏறத்தாழ ஒரே உயர்ந்த எண்ணுக்குக் கொண்டுவந்தால் ஆயுள் இயக்கத்தின் பிடியிலிருந்து விடுபடும். அடுத்து இயக்க ஆற்றலின் கீழ்வரம்பைப் பூச்சியத்துக்கும் மேல்வரம்பை மிகச் சிறிய எண்ணுக்கும் இறக்கினால், அசையும் நீருக்கெல்லாம் அந்தப் பெருக்கி ஒன்றாகிவிடும், இருந்தும் இல்லாததுபோல். பிறகு அலைமுகடு. அலைமுகட்டுக்கு 200 துகள், சிக்கிய காற்றுக்கு 40 என்ற இயல்பு எண்களே இந்த அமைப்பு எந்த நீரை மனத்தில் வைத்துப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடும். குடகனாற்றில் முகடு ஏது? அதை அணைத்துவிடலாம். கடைசியில்தான் சிக்கிய காற்றுக்கான எண்ணிக்கை. நிற்கும் துகள்களின் தொகை, பிறப்பு வீதத்தை ஆயுளால் பெருக்கியது. ஆயுளை 5 நொடியிலிருந்து 20 நிமிடத்துக்கு, அதாவது 240 மடங்கு ஏற்றினால் பிறப்பை அதே அளவு இறக்கியாக வேண்டும், இல்லையேல் மெமரி தாங்காது.

ஆழமற்ற நீரில் வகைப்பிரிப்பும் தடுமாறுகிறது, இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அண்டைத் துகள்கள் 6-க்குக் குறைவானால் திவலை, 20-க்கு மேலானால் குமிழி, இடைப்பட்டால் நுரை என்பது 2012 கட்டுரையின் பிரிப்பு. சதுரக் கட்டமாக அடுக்கி, இடைவெளியின் இருமடங்கைத் தேடும் ஆரமாகக் கொண்டால், ஒரே அடுக்கு நீரில் கிடைப்பவை 13. இரண்டு அடுக்கில் 22. ஒரே அடுக்கு அளவுக்கு மெலிந்த நீரில் குமிழி என்ற வகையே கிட்டத்தட்டப் பிறக்காது. பிறப்பவை எல்லாம் நுரையாகி, எல்லாவற்றுக்கும் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். ஆயுள் எண் இங்கே இன்னும் கூடுதல் சுமை சுமக்கிறது.

இவையெல்லாம் நீரியல் ஆய்வுக்கு வேண்டுமானால் சரி, திரைக்காட்சிக்கு எதற்கு என்று கேட்கலாம். திரையில் வரும் ஆறும் ஆறாகத் தெரிய வேண்டும் என்பதே அதற்குப் பதில். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேல்வரம்பை மட்டும் ஏற்றினால் போதாதா என்பது அதைவிட நல்ல கேள்வி. போதாது. மேல்வரம்பு பலத்த இடத்தில் பிறந்தவற்றுக்கே முழுமையாகச் சென்று சேரும். மேலே கண்ட ஐம்பதுக்கு ஒன்று என்ற வேறுபாடு இன்னும் விரியும்.

என் வாதத்துக்கு உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் திறக்கப்படும் நீரில் எழும் நுரையும், 2019 இறுதியில் மழைக்குப் பின் சென்னை மெரினாவில் நாள்கணக்கில் ஒதுங்கிய நுரையும் வெறும் படலமல்ல, குவியல். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காற்றில் பிய்ந்து, சாலைக்கும் பறப்பது. 2012 முறையில் நுரைத்துகள் சுற்றியுள்ள நீரின் சராசரி வேகத்தோடு மிதக்கிறதே தவிர, இன்னொரு நுரைத்துகளை முட்டுவதில்லை, தாங்குவதில்லை. ஆயிரம் துகள் ஓரிடத்தில் சேர்ந்தாலும் உயரம் கூடாது. ஆயுளை எவ்வளவு நீட்டினாலும் கெலவரப்பள்ளியின் ஆளுயர நுரை வராது. அதற்கு நுரைக்கென்றே கனமும் ஒட்டும் தன்மையும் உள்ள தனி ஊடகம் வேண்டும். குடகனாற்றுத் தடுப்பணைக்கு அது தேவைப்படாது. அங்கே நுரை இன்னும் படலமாகவே இருக்கிறது, படலத்துக்கு ஆயுள் எண் ஒன்றே போதும்.