பாங்கொலித்த கோபுரத்தில் மணியோசை

தென் ஸ்பெயினின் செவில்லா நகரிலுள்ள ஹிரால்டா மணிக்கோபுரத்தில் படிக்கட்டுகள் இல்லை. உச்சியை அண்மிக்கையில் வரும் சில படிகளைத் தவிர்த்தால், வழி நெடுகிலும் 35 சாய்தளங்கள்தாம். உள்ளே ஒரு கோபுரம், வெளியே ஒரு கோபுரம். இரண்டு சுவர்களுக்கும் இடையே அவை சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. ஐம்பதைத் தாண்டிய முழங்கால்களோடு சென்ற எனக்கு இது பெரும் ஆறுதலாயிருந்தது. ஆனால் இவ்வசதி உல்லாசப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டதன்று. நாளொன்றுக்கு ஐந்து தடவை பாங்கு சொல்ல வேண்டியவர் குதிரையிலேயே மேலே செல்வதற்காக இவ்வாறு கட்டினார்கள் என்பர். ஆம், இன்று தேவாலய மணிகள் தொங்கும் இக்கோபுரம் பள்ளிவாசலொன்றின் மினாராவாகவே எழுந்தது.

மொரோக்கோவையும் தென் ஸ்பெயினையும் ஒருங்கே ஆண்ட அல்மொஹாத் கலீபாக்கள் 1184 இல் இதனைத் தொடங்கினர். 1198 இல் பொன்முலாம் பூசிய நான்கு உருண்டைகள் உச்சியில் ஏற்றப்பட்டதோடு வேலை நிறைவுற்றது. அடிப்பகுதியில் இலத்தீன் எழுத்துப் பொறித்த ரோமர் காலக் கற்களைக் காணலாம். பிறர் விட்டுச் சென்றதைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் இந்நகரில் கிறிஸ்தவர்களோடு தொடங்கியதன்று.

1248 இல் மூன்றாம் பெர்னாண்டோ மன்னரிடம் நகர் சரணடைந்தது. பள்ளிவாசலையும் மினாராவையும் எதிரியிடம் கையளிப்பதைவிட இடித்துவிடவே முஸ்லிம்கள் அனுமதி கோரினராம். கோபுரத்திலிருந்து ஒரு செங்கல் அகற்றப்பட்டாலும் நகரில் ஒருவரும் உயிர் தப்பமாட்டார் என இளவரசர் அல்பொன்சோ மறுமொழி கூறியதாகப் பழைய வரலாற்றேடுகளின் வழி வந்த கதை சொல்கிறது. இளவரசரின் கலையுணர்வைப் புகழ்வதற்கு இக்கதையை எடுத்தாள்பவர்கள், அதன் பிற்பாதியைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

அதன்பின் பள்ளிவாசலே பேராலயமாகப் பயன்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் அதனை இடித்து, இன்றுள்ள மாபெரும் பேராலயத்தை எழுப்பலாயினர். மினாராவும் தோடைமர முற்றமும் எஞ்சின. உச்சி உருண்டைகளோ அதற்கு முன்னரே நிலநடுக்கமொன்றில் விழுந்துவிட்டிருந்தன. 1558 முதல் 1568 வரை எர்னான் ருயிஸ் என்ற கட்டடக் கலைஞர் பழைய உடலின்மேல் மணிமண்டபத்தை அமைத்தார். ஏறத்தாழ 104 மீற்றர் உயரத்தில், கிறிஸ்தவ விசுவாசத்தின் வெற்றியைக் குறிக்கும் வெண்கலப் பெண்ணுருவம் நிற்கிறது. காற்றுக்கேற்பச் சுழலும் திசைகாட்டியும் அதுவே. சுழல்வது என்ற பொருளில்தான் கோபுரமும் ஹிரால்டா எனப் பெயர் பெற்றது. விசுவாசத்தைக் காற்றடிக்கும் பக்கம் திரும்பவிட்டதன் வேடிக்கை அவர்களுக்குப் புலப்படவில்லை போலும்.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் நன்றாகத் தெரியும். கீழே செங்கல்லில் பின்னிய வலை போன்ற அலங்காரம். மேலே தூண்களும் வளைவுகளும் கொண்ட ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் பாணி. ஆயினும் முரண்பட்டதாகக் கண்ணுக்குப் படவில்லை. மேலே மணிகளின் அடியில் நின்றபோது என் நினைவு நல்லூருக்கே சென்றது. இதற்குக் காரணம் உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பானிய மன்னர்களின் முடிக்கீழ் இருந்தது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, பின்னர் பிலிப் டி ஒலிவேராவின் கட்டளைப்படி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை அடியோடு இடித்தது அந்த முடியின் பெயரால்தான்.

செவில்லாவில் மினாரா தப்பியதைப் பெருந்தன்மை என்று நான் கொள்ளவில்லை. மணிகளைத் தொங்கவிட உயரமான இடமொன்று வேண்டியிருந்தது. அது ஆயத்தமாக நின்றது. நல்லூர்க் கோயிலில் அவர்களுக்கு அத்தகைய பயன் எதுவும் தெரியவில்லை. இப்போதைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், வேறோர் இடத்தில் எழுந்தது. பழைய கோயில் நின்றதாகக் கருதப்படும் முத்திரைச்சந்தைப் பகுதியில் இன்றிருப்பது ஒரு கிறிஸ்தவ தேவாலயம்.