சுரப்பியைத் தூண்டும் மின்சாரம்: வாய் வறட்சிச் சிகிச்சைச் சோதனைகளின் வளர்ச்சி

வாய் வறட்சிக்கான மின்தூண்டல் சிகிச்சையின் வரலாற்றைப் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதுகிறார்கள். அந்தக் கருவிகளை எப்படிச் சோதித்தார்கள் என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது. சுரக்கும் உமிழ்நீரை அளப்பதா, நோயாளி உணரும் வறட்சியை அளப்பதா என்ற கேள்வியே இத்துறையை நகர்த்தி வந்திருக்கிறது.

இதற்கான அடிப்படை 1851-இல் அமைந்தது. கார்ல் லுட்விக் அப்போது சூரிச்சில் பணியாற்றிவந்தார். நாயின் கீழ்த்தாடைச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பில் அவர் மின்சாரம் செலுத்தியதும் உமிழ்நீர் பெருகியது. சுரப்பி நாளத்தில் எழுந்த அழுத்தம் தமனியின் இரத்த அழுத்தத்தையும் மிஞ்சியது. உமிழ்நீர் வெறுமனே இரத்தத்திலிருந்து வடிந்து வருவதில்லை, நரம்பின் ஆணையால் சுரப்பி உழைத்து உருவாக்குவது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. 1858-இல் அதே சுரப்பியின் நரம்பைத் தூண்டிய கிளாட் பெர்னார், இரத்த நாளங்கள் விரிவதையும் காட்டினார். இவ்வளவு தெளிவான உடலியல் அறிவு கையில் இருந்தும், நோயாளியின் வாய்க்கு அது வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

1986-இல் வைஸும் அவருடைய குழுவினரும் 24 நோயாளிகளிடம் ஒரு மின்தூண்டியைப் பயன்படுத்தி, பலன் கிடைத்ததாக அறிவித்தார்கள். ‘சாலிட்ரான்’ என்ற பெயரில் அறியப்பட்ட அக்கருவியின் முனையை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே சில நிமிடங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். மின்னோட்டம் அங்குள்ள உணர்வு நரம்புகளைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து சுரப்பிகளுக்கு அனிச்சையாகக் கட்டளை திரும்பும். ஆனால் வாயில் எதை வைத்தாலும் கொஞ்சம் எச்சில் ஊறத்தான் செய்யும். ஊறியது மின்சாரத்தாலா, வாயில் ஒரு பொருள் இருந்ததாலா என்பதைப் பிரித்தறிய, மின்சாரம் பாயாத போலிக் கருவியோடு ஒப்பிட்டாக வேண்டும்.

அந்த ஒப்பீட்டை ஸ்டெல்லர், சௌ, டேனியல்ஸ் மூவரும் 1988-இல் ஷோகிரன் நோயாளிகள் 29 பேரிடம் செய்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கி அழிக்கும் நோய் அது. 1992-இல் தலாலும் குழுவினரும் 77 பேரிடம் அதே ஒப்பீட்டை விரிவுபடுத்தினார்கள். இரு ஆய்வுகளிலும் மின்சாரம் பெற்ற குழுவில் உமிழ்நீர் கூடியது. ஆனால் ஆளுக்கு ஆள் பலன் பெரிதும் வேறுபட்டது. என் பார்வையில் இந்த வேறுபாடே மிக முக்கியமான செய்தி. நரம்பு எவ்வளவு வற்புறுத்தினாலும், கேட்டுச் செயல்பட உயிருள்ள சுரப்பித் திசு மிஞ்சியிருக்க வேண்டும். கருவியோ பெரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்ததால் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை.

அடுத்த கட்டத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தோலின் மேலிருந்து தூண்டுவது. 2005-இல் ஹார்கிதாய் குழுவினர், வலி நிவாரணத்துக்குப் பயன்படும் சாதாரண ‘டென்ஸ்’ கருவியின் பட்டைகளைக் காதருகே, பரோட்டிட் சுரப்பியின் மேல் ஒட்டிச் சோதித்தார்கள். நலமாக இருந்த 22 பேரில் 15 பேருக்குச் சுரப்பு கூடியது. மற்றொன்று, கருவியைச் சுருக்கி வாய்க்குள்ளேயே பொருத்துவது. பல்வரிசைக்கேற்ப வார்த்த, கழற்றி மாட்டக்கூடிய ‘ஜென்னரினோ’ கருவி, கீழ்க்கடைவாயில் ஞானப்பல் பகுதியை ஒட்டி ஓடும் நாக்கு நரம்பைக் குறிவைத்தது. 2007-இல் 23 பேரிடமும், 2011-இல் பல நாடுகளைச் சேர்ந்த 114 பேரிடமும் இது சோதிக்கப்பட்டது. இரண்டாம் சோதனையில் ஒவ்வொருவரும் ஒரு மாதம் உண்மைத் தூண்டலையும் ஒரு மாதம் போலித் தூண்டலையும் பெற்றார்கள். எது எப்போது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முதன்மை அளவுகோலாக நோயாளி சொன்ன வறட்சியின் கடுமையே எடுத்துக்கொள்ளப்பட்டது. உண்மைத் தூண்டலே மேலோங்கியது. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு இதுதான்.

ஆனாலும் 2013-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மின்தூண்டலைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தது. பங்கேற்றவர்கள் குறைவு, முடிவுகளைப் பதிந்த முறையில் குறைகள் இருந்தன. அந்தக் கண்டிப்பு நியாயமானதே.

கதிர்வீச்சால் வாய் வறண்ட புற்றுநோயாளிகளுக்காகக் கனடாவின் ஹாமில்டனில் ரேமண்ட் வாங் வளர்த்தெடுத்தது வேறொரு முறை: அக்குபங்சர் புள்ளிகளில் ஊசி குத்தாமல் மின்பட்டைகளால் தூண்டுவது. 2015-இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் 148 பேர் பங்கேற்றார்கள். 1994 முதல் அமெரிக்காவில் இதற்கென அனுமதிக்கப்பட்டிருந்த பைலோகார்பின் மாத்திரையோடு இம்முறை ஒப்பிடப்பட்டது. ஒன்பதாம் மாதத்தில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை; பக்கவிளைவுகள் மின்தூண்டலில் வெகுவாகக் குறைவு. வியர்வையாலும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதாலும் மாத்திரையைக் கைவிடுபவர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் மாத்திரை விழுங்குவதும் மின்பட்டை ஒட்டிக்கொள்வதும் நோயாளிக்கு நன்றாகவே தெரியும். போலித் தூண்டல் பெற்ற குழு அதில் இல்லை. ஆகவே தூண்டலின் தனிப் பலன் எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை அச்சோதனையால் பிரித்துக் காட்ட இயலாது.

வாய்ப்புற்றுநோய் மிகுந்த இந்தியாவில், கதிர்வீச்சுக்குப் பின் சோற்றுக் கவளத்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமல் தவிப்பவர்கள் ஏராளம். டென்ஸ் கருவியோ இங்குள்ள பிசியோதெரபி கூடங்களில் சாதாரணமாகக் கிடைப்பது. இந்தியப் பல் மருத்துவர்களும் இதைச் சிறு அளவில் சோதித்திருக்கிறார்கள். 2011-இன் போலித் தூண்டல் ஒப்பீட்டை, இந்த மலிவான கருவியைக் கொண்டு, கதிர்வீச்சு பெற்றவர்களிடம் நீண்ட காலம் நடத்த வேண்டும். சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் எஞ்சியிருக்கும் சுரப்பை அளந்து, அதன்படி அவர்களை வகைப்படுத்தவும் வேண்டும். யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று முன்கூட்டியே சொல்ல அப்போதுதான் முடியும்.