மேடை கிடைத்தது, நம்ம பாட்டு எங்கே?



போன கிழமை தரம் 8 வகுப்பில் பாடம் முடிந்தும் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. பாடத் தெரிந்தவர்கள் பாடுங்கள் என்றேன். நாலு பிள்ளைகள் பாடினார்கள். நாலும் சினிமாப் பாட்டு. நாலும் டிவி போட்டியில் யாரோ பாடிக் கேட்டவை. கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்க அம்மாயி கொழுந்து எடுக்கிறப்ப பாடுற பாட்டு ஒன்னு இருக்கு. அத டிவியில பாடினா எடுப்பாங்களா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

டிவி வருவதற்கு முன்பே இந்த மலையில் பாட்டு இருந்தது. 1930களில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போனபோது, அம்மையார் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். தொழிலாளியின் கஷ்டத்தைத் தானே பாட்டாகக் கட்டினார். பின்னாளில் சி.வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இல்லாவிட்டால் அவற்றில் பல அந்தக் கிழவிகளோடேயே போயிருக்கும்.

அடுத்து வானொலிக் காலம். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் இந்தத் தீவின் பேச்சுத் தமிழில், பைலா தாளத்தில் பொப் பாடினார்கள். 'சின்ன மாமியே', 'சுராங்கனி' எல்லாம் எந்தப் போட்டியிலும் பிறந்தவை அல்ல. நம் ஊர்ச் சிரிப்பும் நம் ஊர்ச் சொல்லும்தான் அவற்றின் பலம். 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய் 1977 இல் தமிழ் சினிமாவிலும் ஏறியது. அன்று பாட்டு இங்கிருந்து அங்கே போனது.

1982 இல் ரூபவாஹினி வந்தது. பிறகு டிஷ் வந்தது. வானொலியில் நம் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' சென்னைக்குப் போய் சன் டிவியில் ஓடியது. உலகத்திலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 2001 இல் பிரித்தானியாவில் 'பொப் ஐடல்' தொடங்கியது. நடுவர்கள், வாராவாரம் வெளியேற்றம், பார்ப்பவர்களின் வாக்கு என்ற அந்த அமைப்பு நாடு நாடாகப் பரவியது. 2006 இல் இங்கே 'சிரச சூப்பர்ஸ்டார்', அங்கே விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்'.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பின்லாந்தின் முதல் 'ஐடல்ஸ்' போட்டியில் வென்ற ஹன்னா பக்காரினென், அதற்கு முன் சரக்கு ஏற்றி இறக்கும் போர்க்லிப்ட் ஓட்டிய பெண். வென்றதும் அவருக்கென்று புதுப் பாட்டுகள் வந்தன, இசைத்தட்டு வந்தது. 2007 இல் யூரோவிஷன் மேடையில் தன் நாட்டுக்காகப் பாடினார். தமிழில் அப்படி இல்லை. இங்கே வென்ற பிள்ளை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சினிமாப் பின்னணி. போட்டியிலும் ஏற்கெனவே பிரபலமான பாட்டைத்தான் பாட வேண்டும். மூலப் பாட்டின் சங்கதி தவறாமல் வந்ததா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். யாருக்கும் தெரியாத அம்மாயி பாட்டை எதோடு ஒப்பிட்டு மார்க்ஸ் போடுவது?

ஆனாலும் அந்த மேடையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2015 இல் கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா இறுதிப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றபோது, உலகமெல்லாம் இருந்த நம் உறவுகள் அழுததை மறக்க முடியுமா? 2023 ஐ நினைத்துப் பாருங்கள். நம் மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போன வருடம். அதே வருடம் புசல்லாவை நயப்பன தோட்டத்து அசானி ஜீ தமிழ் 'சரிகமப' மேடையில் நின்றாள். யாழ்ப்பாணம் அரியாலையின் கில்மிஷா டிசம்பரில் மகுடம் சூடினாள். மலையகம் என்றால் தேயிலைப் பொட்டலம் என்று மட்டும் தெரிந்திருந்த எத்தனையோ வீடுகளில் அசானியின் குரல்தான் முதலில் நம்மைப் பற்றிப் பேசியது. எத்தனை அறிக்கை எழுதினாலும் அது நடந்திருக்காது.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது? 2018 'சூப்பர் சிங்கர்' பட்டத்தை வென்ற செந்தில் கணேஷ் ஒரு கிராமியப் பாடகர். அவரும் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டையே அந்த மேடைக்குக் கொண்டுபோனார்கள். கதவு பூட்டித்தான் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் போகும்போது கையில் பாட்டு இருந்தது. ஊர் ஊராகப் பாடிப் பாடிப் பழகிய பாட்டு. நம் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது?

தாலாட்டு, கும்மி, காமன் கூத்துப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் இன்னும் நம் லயங்களில் இருக்கின்றன. தெரிந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவளிடம் சொன்னேன்: "எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது மகள். முதல்ல அம்மாயிகிட்ட முழுப் பாட்டையும் கேட்டு எழுதிக்கிட்டு வா." செவ்வாய்க்கிழமை கொப்பியில் பதினான்கு வரி எழுதிக்கொண்டு வந்தாள். மிச்சம் அம்மாயிக்கு மறந்துவிட்டதாம்.

உறவுகளே, உங்களிடம் கேட்பது இதுதான். இந்த ஞாயிறு வீட்டில் இருக்கும் பெரியவரை உட்காரவைத்து, போனில் ஒரு பாட்டையாவது பதிவு செய்யுங்கள். மறந்துபோன வரியைப் பக்கத்து லயத்துப் பாட்டி சொல்லித் தரலாம். டிவிக்குப் போவது பிறகு. முதலில் பாட்டு நம்மிடம் இருக்கட்டும்.