ஈரலுக்குள் ஒரு கன்னக்கோல்!

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் லோயர்கேம்ப் தொடங்கி, தேனியை ஒட்டியிருக்கும் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் புண்ணியம்! தண்ணீர் வந்தால் நெல், நெல் வந்தால் வைக்கோல், வைக்கோல் இருந்தால் மாடு. இப்படி வாய்க்காலும் நத்தையும் மாடும் சேர்கிற இடத்தில், கூப்பிடாமலே வந்து உட்காரக்கூடிய விருந்தாளி ஒன்று உண்டு. ஈரல் தட்டைப்புழு!

“திங்கிற தீனி உடம்புல ஒட்டலைங்க. பாலும் குறைஞ்சுபோச்சு. தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குது...” மாட்டாஸ்பத்திரியில் ஒரு சம்சாரி இப்படிச் சொன்னால், டாக்டருக்கு முதலில் வருகிற சந்தேகங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் புழுவைத் துரத்திய கதை பழசு. 1379-ல் ழான் த பிரி என்ற பிரெஞ்சு ஆட்டிடையர், ‘ஏதோ ஒரு பூண்டைத் தின்பதால்தான் ஆட்டு ஈரல் கெடுகிறது’ என்று எழுதிவைத்தார். அதற்கப்புறம் ஐந்நூறு வருஷம் மர்மம்தான். 1879-80-ல் இங்கிலாந்தில் சுமார் 30 லட்சம் ஆடுகள் செத்து விழுந்தபோதுதான் பதறினார்கள். இருபத்து மூன்று வயது அல்ஜெர்னான் தாமஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதே நேரம் ஜெர்மனியில் லூக்கார்ட்டும் தனியாகத் தேடினார். 1883-க்குள் விடை வந்துவிட்டது. சாணத்தோடு தண்ணீருக்குப் போகும் முட்டை பொரிந்து, குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பிறகு வெளியே நீந்தி வந்து, புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. மாடு அதை மேய்கிறது!

சரி, மாட்டின் குடலுக்குள் போன குட்டி, ஈரலுக்கு எப்படிப் போகிறது? கடுகைவிடச் சிறிய உருவம். பல்லும் கிடையாது, நகமும் கிடையாது.

பழைய காலத் திருடன் சுவரில் துளைபோடக் கன்னக்கோல் வைத்திருப்பான் இல்லையா? இந்தப் புழுவின் கன்னக்கோல், கதெப்சின் என்னும் என்ஸைம். நம் வயிற்றில் சோறு செரிக்க உதவுவதும் என்ஸைம்கள்தான். புழு அதை வெளியே உமிழ்கிறது. செங்கல்லைப் பிடித்து நிற்கிற காரை மாதிரி, திசுக்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் கரைகிறது. குடல்சுவரில் வழி திறக்கிறது. அங்கிருந்து ஈரலைக் குடைந்து, பித்தக்குழாயில் போய்க் குடித்தனம் நடத்துகிறது. வளர்ந்த புழு உறிஞ்சிய ரத்தத்தைச் செரிக்கவும் இதே குடும்பத்து என்ஸைம்தான். இன்னொரு அக்கிரமம்... திருடனைப் பிடிக்க வரும் காவலர்களையும், அதாவது மாட்டின் நோய் எதிர்ப்புப் புரதங்களையும், இது வெட்டிப்போடுகிறது என்று 1993-ல் கண்டுபிடித்தார்கள்!

அந்தக் கன்னக்கோலையே தடுப்பூசியாகப் போட்டால் என்ன? 1996-ல் டால்ட்டன் குழு மாடுகளுக்குப் போட்டுப் பார்த்தது. புழுக்கள் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனாலும் கடைக்கு வரும் அளவுக்கு ஒரு ஊசி இன்றுவரை தேறவில்லை.

அதுவரை? டாக்டர் சொல்லும் மருந்து, நத்தையைத் தின்னும் வாத்து, வாய்க்கால் ஓரத்துப் புல்லை அறுத்த கையோடு போடாமல் நன்றாக உலர்த்திப் போடுவது. அந்த இடையர் புல்பூண்டின் மேல் சந்தேகப்பட்டாரே... மனிதர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்!