நத்தைகுத்தியை முதலில் பார்த்தவர்கள்

நத்தைகுத்தி நாரையின் அலகு முழுவதும் மூடாது. மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேர்ந்துவிடும். நடுவில் மட்டும் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஓர் இடைவெளி நிற்கும். கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. பறவை வளர வளரத்தான் அது விழுகிறது. எதற்காக இப்படி ஓர் அலகு என்ற கேள்வி பறவையியலாளர்களை நூறு ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது. யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக இருந்த உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, பாடம் செய்து வைத்த பறவைகளையும் பழைய எழுத்துகளையும் வைத்து இதை ஆராய்ந்தார். பாக்குவெட்டியில் பாக்கை வைப்பதுபோல் நத்தையை அந்த இடைவெளியில் வைத்து நெரிக்கிறது, அலகின் ஓரம் சொரசொரப்பாக இருப்பது அப்படி நெரித்து நெரித்துத் தேய்ந்ததால்தான் என்று முடிவு கட்டினார்.

அந்த முடிவு நிலைக்கவில்லை. பறவை நத்தையை நொறுக்குவதில்லை. மேல் அலகால் ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை நத்தையின் வாய்மூடிக்கு அடியில் செருகுகிறது. உடம்பை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை உருவி விழுங்குகிறது. அலகின் சொரசொரப்பு, வழுக்கும் ஓட்டைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. இவ்வளவும் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியிலேயே நடந்து முடிந்துவிடுவதால்தான் அத்தனை ஊகங்களுக்கு இடம் வந்தது. ஆனால் நத்தைகுத்தி இறங்கும் நடவு வயலில் களை பறிக்கும் ஒருவருக்கு வரப்போரம் தடயம் கிடக்கிறது: உள்ளே ஒன்றும் இல்லாத, உடையாத நத்தை ஓடுகள்.

அருங்காட்சியக மேசைக்கும் வரப்புக்கும் இடையிலுள்ள இந்தத் தூரம், ஒருவர் எப்படி இயற்கையியலாளர் ஆகிறார் என்பதைப் பற்றி நிறையச் சொல்கிறது. காட்டைக் கண்டு மயங்கி, புத்தகம் வாங்கி, தொலைநோக்கியோடு கிளம்புகிறவர்களையே பொதுவாக அந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிப் பகுதியில், குறிப்பாக உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில், உயிர்களை உற்றுப் பார்க்கும் பழக்கம் பிழைப்பிலிருந்து தொடங்கியது. பிழைப்பு கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் பார்ப்பதை நிறுத்தாதவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் தேர்தல் முறையை வரிவரியாகச் சொல்கின்றன. அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள்; பன்னிரண்டு பேர் தோட்ட வாரியத்துக்குப் போனார்கள். ஊரின் பெரிய ஏரி அதற்கும் ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் சிறப்புப் பெயரால் அது வைரமேக தடாகம் எனப்பட்டது. அதில் தூர் வாருவதற்கென்றே கொடைகள் விடப்பட்டிருக்கின்றன.

ஏரியைக் காப்பது கணக்கு எழுதுகிற வேலை மட்டும் அல்ல. கரையில் நண்டு எங்கே வளை தோண்டுகிறது, எலி எந்த இடத்தைக் குடைகிறது, எந்தச் செடியின் வேர் மண்ணைக் கட்டும், எந்த மரத்தின் வேர் மதகைப் பிளக்கும் என்பது தெரியாமல் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்ட முடியாது. ஏரித் தண்ணீரைத் திறந்து அடைத்துப் பங்கிடும் நீர்க்கட்டிகள் இந்த அறிவைக் காலில் மிதித்தே பெற்றார்கள். கலங்கலில் தண்ணீர் வழிகிற இரவில் கரை மேல் நடக்கிறவனுக்குத் தவளைச் சத்தமும் ஒரு செய்திதான்.

பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலோடு இணைந்த கல்விச் சாலையையும் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையையும் அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று பணியாளர் பட்டியல் நீள்கிறது. அதில் மூலிகை பறித்துவரவும் மருந்து காய்ச்சவும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நெல்லாக ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. கடுக்காய் சேர்ந்த மருந்துகள் பலவற்றின் பெயர்களும் அதே சுவரில் உள்ளன.

அந்த இருவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி இலையுள்ள இரண்டு செடிகளில் எது மருந்து, எது ஆளைக் கொல்லும் என்று பிரித்தறிவது அவர்கள் வேலை. எந்த மாதத்தில் வேர் பருக்கும், எப்போது காய் முற்றும், ஆற்றங்கரையில் கிடைப்பது எது, கரட்டில் கிடைப்பது எது என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும். தாவரவியல் என்ற துறைக்கு ஊதியம் கொடுத்து ஆள் வைத்த ஊர் என்று திருமுக்கூடலைச் சொன்னால் மிகையாகாது.

உத்திரமேரூரிலிருந்து ஒரு நாரை தென்கிழக்காகப் பறந்தால் பதினைந்து கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கல் வந்துவிடும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. 1997-ல் பிரித்தபோது இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வந்தன. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் வேடந்தாங்கல் அதனோடு போயிற்று. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். இந்தப் பக்கத்து ஏரிகளோடு ஒப்பிட்டால் சிறியது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பியதும் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டப் பறவைகள் வந்து சேர்கின்றன: நத்தைகுத்தி, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகங்கள்.

இத்தனை பெரிய ஏரிகள் சுற்றிலும் இருக்க, இந்தச் சின்ன ஏரியை அவை ஏன் தேர்ந்தெடுக்கின்றன? மரம் தண்ணீருக்குள் நிற்பதால் பூனையும் நரியும் எளிதில் நெருங்க முடியாது. இரை இங்கே கிடைப்பது கொஞ்சமே. அதைத் தேடிப் பறவைகள் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்வருகின்றன. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கரிக்கிலி ஏரி பரப்பில் இதைவிடப் பெரியது. ஆனால் நீருக்குள் நிற்கும் மரம் அங்கே குறைவு. அதனால் வாத்துகளும் கரையோரப் பறவைகளுமே அங்கு அதிகம். மழை பொய்த்த ஆண்டில் வேடந்தாங்கலில் கூடு கட்டுவது நின்றுபோகும். ஆக, வேடந்தாங்கல் என்ற ஒரு கூடு பிழைக்க, பல ஊர்களின் ஏரிகள் பிழைக்க வேண்டும்.

வேடந்தாங்கல் ஊரார் கவனித்தது வேறொன்று. பறவைகள் தங்கிய ஏரியின் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் செழித்தது. எச்சம் கலந்த நீரே உரம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். எச்சத்திலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேதியியல் பிற்காலத்தில் அளந்து சொன்னது. ஊரார் நெற்கதிரைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். கண்டதோடு அவர்கள் நிற்கவும் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து நாரைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ், 1790-களின் இறுதியில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரியின் கரையைக் காத்த இராமர் கதையில் வரும் அதே பிளேஸ்தான். அந்தப் பத்திரம் தொலைந்துபோனது. ஊரார் விடவில்லை, மறுபடியும் கேட்டு 1858-ல் புதிதாக ஓர் உத்தரவு வாங்கினார்கள்.

இந்த இரண்டாவது முறையீடுதான் முக்கியமானது. முதலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் அது. சிப்பாய்களின் துப்பாக்கிச் சத்தம் அவர்களுக்குக் கேள்விப்பட்ட கதை. ஆனாலும் தாளில் எழுதிய பாதுகாப்பு கைவிட்டுப் போனதை உணர்ந்து மீண்டும் அலைந்திருக்கிறார்கள். 1936-ல் அரசு வேடந்தாங்கலைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-ல் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டரும் சரணாலயப் பரப்பாயின. 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இவை எல்லாம் ஊரார் ஏற்கெனவே செய்துவந்ததன் மேல் அடுத்தடுத்து விழுந்த முத்திரைகள். பத்திரம் கொடுத்த கலெக்டரின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. கேட்டுப் போன விவசாயிகளில் ஒருவர் பெயர்கூட இல்லாதது இந்த வரலாற்றின் பெரிய இழப்பு.

எழுதி வைத்தவர்கள் வேறு வழியில் வந்தார்கள். 1836-ல் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த தாமஸ் ஜெர்டன், போன ஊரிலெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் நத்தைகுத்தி நத்தையைப் பிடித்துவிடுகிறது என்று அவர் குறித்திருக்கிறார். கண்ணால் பார்க்காமல் தொட்டுணர்ந்தே இரை எடுக்க முடியும் என்ற அந்தக் குறிப்பு, ஹக்ஸ்லிக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முந்தியது. உயிருள்ள பறவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பலன் அது.

ஆர்வம் தொடங்கும் நொடிகள் சிலருடைய வாழ்க்கையில் பதிவாகியிருக்கின்றன. பறவையியலாளர் சாலிம் அலிக்கு அது 1908 வாக்கில் பம்பாயில் நேர்ந்தது. விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, அது என்ன குருவி என்று அந்தச் சிறுவன் கேட்டான். மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்டு என்ற செயலாளர் இழுப்பறைகளைத் திறந்து, வரிசை வரிசையாகப் பறவைகளைக் காட்டினார். நியூயார்க்கில் பிறந்த பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் சின்னஞ்சிறு வயதில் பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது, அவருடைய தாய் அலறாமல் பாம்புப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். கேள்வி கேட்கும் பிள்ளைகள் எங்கும் உண்டு. அந்தக் கேள்வியை விரட்டிவிடாத பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதுதான் அரிது. வேடந்தாங்கலில் அந்தப் பெரியவராக ஓர் ஊரே இருந்தது.

1912-ல் பிறந்த இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணனுக்கு அந்த ஆர்வம் தொடங்கிய இடம் மயிலாப்பூர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி அவர். அன்றைய மயிலாப்பூரில் புதர்க்காடு இருந்தது. நரியும் வெளிமானும் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை வளர்த்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி பார்க்கக் கூட்டிப்போனார். 1950-ல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார், தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் எழுதினார். தானே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதினார். தமிழ்நாட்டின் படித்த இயற்கையியலாளர்களில் நீர்க்கட்டியின் முறைக்கு மிக நெருக்கமானவர் அவரே. ஒரே இடத்தில் நின்று, ஏற்கெனவே பார்த்ததையே திரும்பவும் பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது.

இதே வட்டாரத்தின் இருளர்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் பேச முடியாது. வரப்பில் எலி வளையைத் தோண்டி எலியையும் அது பதுக்கிய நெல்லையும் எடுத்தவர்கள் அவர்கள். எலியைத் தேடி வரும் பாம்பும் அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. மண்ணில் பாம்பு இழைந்த தடம், வளை வாயில் கிடக்கும் எச்சம், உரித்துப் போட்ட சட்டை ஆகியவற்றை வைத்து எந்தப் பாம்பு, உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்வார்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்த தொழில் 1970-களின் சட்டங்களால் நின்றது. பல குடும்பங்கள் ஒரேயடியாக வருமானம் இழந்தன. விட்டேக்கரின் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, வடநெம்மேலியில் நஞ்சு எடுக்கத் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சும் பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது.

2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் அதிகாரிகள் திணறிக்கொண்டிருந்தார்கள். முன்பின் பார்த்திராத சதுப்பில், கடப்பாரையும் கையுமாக இறங்கிய அந்த இருவரும் ஒரு மாதத்துக்குள் 27 பாம்புகளைப் பிடிக்கக் காரணமானார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளைச் சில வாரங்கள் மட்டும் மண்பானைகளில் வைத்து நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மீண்டும் கையில் சிக்கினால் அதைச் சங்கத்துக்குக் கொண்டுவராமல் அங்கேயே விட்டுவிட வேண்டும். செதில் வளர்ந்து அந்தத் தழும்பு மறைந்த பிறகுதான் அந்தப் பாம்பை மறுபடி பிடிக்கலாம்.