பைதானில் விதிவிலக்கும் நிரலோட்டமும்

பூச்சியத்தால் வகுத்தல், இல்லாத கோப்பைத் திறத்தல் போன்ற தடங்கல் நேரும்போது, வரிக்கு வரி போய்க்கொண்டிருக்கும் நிரலோட்டத்தை முறித்து வேறிடத்துக்குத் திருப்பும் ஏற்பாடு விதிவிலக்கு கையாளல். 1991இல் கீடோ வான் ராசம் வெளியிட்ட பைதானின் முதற்பதிப்பிலேயே இது இருந்தது.

'டிரை' தொகுதியின் ஒரு வரியில் விதிவிலக்கு எழுந்தால் அத்தொகுதியின் மிச்ச வரிகள் ஓடா. அதன் 'எக்ஸெப்ட்' பகுதிகளுள் முதலில் பொருந்துவது மட்டும் இயங்கும். எதுவும் பொருந்தவில்லையா, ஓட்டம் அந்தச் செயற்கூற்றை விட்டே வெளியேறி, அதை அழைத்த செயற்கூற்றில் ஆள் தேடும்; அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. கடைசிவரை யாரும் பிடிக்காவிட்டால், பிழை வந்த வழியைக் காட்டும் 'டிரேஸ்பேக்' அச்சாகி நிரல் நிற்கும். புதிதாகக் கற்போர் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான்: விதிவிலக்கைப் பிடித்த பிறகும் ஓட்டம் பிழை நேர்ந்த வரிக்குத் திரும்பாது, டிரை கட்டமைப்பு முடிந்த இடத்திலிருந்தே தொடரும். மறுபடி முயல வேண்டுமானால் முழுவதையும் 'வைல்' சுற்றுக்குள் வைப்பது ஒரு வழி.

'எல்ஸ்' பகுதி, டிரை தடங்கலின்றி இறுதிவரை ஓடினால் மட்டும் இயங்கும். பலர் அதைச் சீந்துவதில்லை. 'ஃபைனலி' அப்படியல்ல, டிரைக்குள் 'ரிட்டர்ன்' வந்துவிட்டாலும் செயற்கூறு முடியுமுன் அது ஓடியே தீரும். கோப்பை மூடவும் பூட்டை விடுவிக்கவும் அது தோது. ஆனால் டிரையில் 'ரிட்டர்ன் 1', ஃபைனலியில் 'ரிட்டர்ன் 2' என எழுதினால் கிடைப்பது 2. பிடிபடாமல் மேலேறிக்கொண்டிருந்த விதிவிலக்கு இருந்தால் அதுவும் சத்தமில்லாமல் காணாமற்போகும். 2025இல் வந்த 3.14 பதிப்பு இப்படி எழுதுவது குறித்து எச்சரிக்கிறது; வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை.

எல்லா விதிவிலக்கும் பிழையல்ல. 'ஃபார்' சுற்று முடிவதே 'ஸ்டாப்இட்டரேஷன்' என்ற விதிவிலக்கு எழுவதால்தான். சுற்று அதைத் தானே விழுங்கிக்கொள்வதால் நம் கண்ணில் படுவதில்லை. முன்கூட்டிச் சோதிப்பதைவிடச் செய்து பார்த்து, தவறினால் பிடிப்பது பைதான்காரர்களின் வழக்கம். 2022இல் வந்த 3.11 முதல், விதிவிலக்கு எழாதவரை டிரைக்கு ஏறக்குறைய நேரச் செலவே இல்லை. எழுந்து பிடிபடும்போதுதான் செலவு.

வகை குறிக்காத வெறும் எக்ஸெப்ட் 'கீபோர்டுஇன்டரப்ட்', 'சிஸ்டம்எக்ஸிட்' இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். முடிவில்லாச் சுற்றுக்குள் அதை வைத்து எழுதிய நிரல், கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.