திரைக்கேற்ற கார்டு: ஒரு பொருத்தத்தின் வரலாறு

கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் தொடக்கம் முதலே சேர்த்து யோசித்து வாங்க வேண்டிய பொருள்கள். கார்டு எவ்வளவு வேகமாகப் படம் வரைந்தாலும், திரையால் காட்ட முடிந்த அளவுதான் கண்ணுக்குக் கிடைக்கும். திரை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், கார்டு தராத படத்தை அது காட்டாது. 1981 முதல் இன்றுவரை இவ்விரண்டில் ஏதோ ஒன்று மற்றதை முந்திக்கொண்டே வந்திருக்கிறது. எது முந்தியது, எது பின்தங்கியது என்பதைப் பார்த்தால், இன்று கேம் ஆடுவதற்காகக் கார்டு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

ஐபிஎம் காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் தனிக்கணினியை வெளியிட்டபோது இரண்டு கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அலுவலகத்துக்கு எம்டிஏ, வண்ணத்துக்கும் விளையாட்டுக்கும் சிஜிஏ. எம்டிஏ 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட பக்கத்தைப் பச்சை நிறத்தில் மிகத் தெளிவாகக் காட்டியது. ஆனால் எழுத்துகளைத் தவிர அதனால் எதையும் வரைய முடியாது. சிஜிஏ 320×200 புள்ளிகளில் ஒரே நேரத்தில் நான்கு வண்ணங்களைக் காட்டியது; அதில் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரிந்தன.

இரண்டுக்கும் தனித்தனித் திரைகள் வேண்டும். எம்டிஏ நொடிக்கு 50 முறையும் சிஜிஏ 60 முறையும் திரையைப் புதுப்பித்தன. வரிகளை வரையும் வேகமும் வேறுவேறு. பச்சைத் திரைக்குப் பொருந்தாத அதிர்வெண்ணை அனுப்பினால் அது பழுதடையவும் கூடும். கணக்கு வேலையும் கேமும் இரண்டுமே வேண்டும் என்றவர்கள் ஒரே கணினியில் இரண்டு கார்டுகளைச் செருகி, மேசையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டனர்.

இந்தப் பிளவை முதலில் நிரப்பியது 1982-ல் வந்த ஹெர்குலிஸ் கார்டு. அதை வடிவமைத்தவர் தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல். தன் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் கணினியில் அமைக்க விரும்பினார். எம்டிஏ கார்டின் எழுத்துகள் சில்லுக்குள் நிலையாகப் பதிக்கப்பட்டவை. தாய் எழுத்தோ தமிழ் எழுத்தோ அதில் கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஏற்றி அணைக்க முடிந்தால்தான் பிற எழுத்துகளை வரைய முடியும். அதே பச்சைத் திரையில் 720×348 புள்ளிகளை வரையும் வசதியை ஹெர்குலிஸ் கொடுத்தது. திரையை மாற்றாமலே படம் வரையலாம் என்பதால் அலுவலகங்களிலும் அது பரவியது.

ஐபிஎம் 1984-ல் 16 வண்ணங்களுடன் ஈஜிஏ கார்டையும், 1987 ஏப்ரலில் விஜிஏவையும் கொண்டுவந்தது. விஜிஏவின் 15 முள் இணைப்பான் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் கணினிகளின் பின்புறத்தில் இருந்தது. முந்தைய கார்டுகள் எண்முறை இணைப்பில் சில வண்ணங்களை மட்டும் அனுப்பின. விஜிஏ ஒவ்வொரு அடிப்படை நிறத்தையும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்பியது. அதனால் 2,62,144 வண்ணங்களிலிருந்து எந்த 256-ஐயும் 320×200 திரையில் காட்ட முடிந்தது. வண்ண எண்ணிக்கை மானிட்டரின் வரம்பாக இருந்த காலம் அத்துடன் முடிந்தது. வரம்பு கார்டின் நினைவகத்துக்கு மாறியது.

திரையின் பக்கத்திலும் மாற்றம் வந்தது. என்ஈசி நிறுவனத்தின் மல்டிசிங்க் மானிட்டர், வரும் அதிர்வெண்ணுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. கார்டை மாற்றும்போதெல்லாம் திரையையும் மாற்ற வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. 800×600 போன்ற புதிய அளவுகளை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் தருவதற்காக 1989-ல் வெசா என்ற தர அமைப்பு உருவானது. இன்றைய டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பும் அந்த அமைப்பு வகுத்ததே.

முப்பரிமாணத்தின் வரவு

1993 டிசம்பரில் வந்த டூம் என்ற கேம், படம் முழுவதையும் கணினியின் மையச் செயலியைக் கொண்டே வரைந்தது. விஜிஏ திரை அந்த நிலையில் நொடிக்கு 70 முறை புதுப்பிக்கும். டூமின் உள்கடிகாரம் நொடிக்கு 35 முறை, அதாவது சரியாகப் பாதி வேகத்தில் ஓடியது. ஒவ்வொரு படமும் இரண்டு புதுப்பிப்புகளுக்குத் திரையில் நிற்கும். கேமின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு இணைத்து அமைத்ததற்கு இது நல்ல சான்று.

1996-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அது முப்பரிமாணப் படத்தை மட்டுமே வரைந்தது. சாதாரணத் திரைக்கு ஏற்கெனவே இருக்கும் கார்டும் வேண்டும். பழைய கார்டிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் வூடூவுக்கு வரும், வூடூவிலிருந்து மானிட்டருக்குப் போகும். கேம் தொடங்கும் கணத்தில் திரை வூடூவின் பிடிக்கு மாறும். பல கார்டுகளில் அந்த மாற்றத்தைச் செய்யும் ரிலே 'டிக்' என்று ஒலிப்பது காதில் விழும்.

வூடூவால் 640×480 அளவைத் தாண்டி ஆடுவது ஏன் கடினம் என்பதைச் சிறு கணக்கே காட்டும். அதிலிருந்த 4 மெகாபைட் நினைவகத்தில் பாதி படத்துக்கு, பாதி மேற்பரப்பு ஓவியங்களுக்கு. 640×480 என்றால் 3,07,200 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் வீதம் 6,14,400 பைட். திரையில் இருக்கும் படம், அடுத்து வரையப்படும் படம், எந்தப் பொருள் முன்னால் எது பின்னால் என்ற ஆழக் கணக்கு என மூன்று பிரதிகள் வேண்டும். மொத்தம் 18,43,200 பைட். இது 2 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 800×600 அளவில் இதே கணக்கு 28,80,000 பைட்டைத் தொடும், இடம் போதாது. 1998-ல் வந்த வூடூ 2 இந்த இடத்தை இரட்டிப்பாக்கி 800×600-ஐ எட்டியது. இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பூட்டியவர்கள் 1024×768-ல் ஆடினார்கள். திரை அளவு கூடினால் கார்டின் நினைவகமும் கூட வேண்டும் என்ற விதி அன்றே தெளிவாகிவிட்டது.

1999-ல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 256, முப்பரிமாண உருவங்களின் வடிவக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் மையச் செயலியிடமிருந்து தானே எடுத்துக்கொண்டது. ஜிபியு என்ற பெயர் பொதுமக்களிடம் பரவியதும் இந்தக் கார்டோடுதான். 2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. என்விடியா, ஏடிஐ என்ற இரண்டு பெயர்களே சந்தையில் ஓங்கி நின்றன. 2006-ல் ஏடிஐயை ஏஎம்டி வாங்கியது.

தட்டைத் திரை கொண்டுவந்த கட்டாயம்

பழைய படக்குழாய் மானிட்டருக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. 1024×768-ல் கேம் தள்ளாடினால் 800×600-க்கு இறக்கலாம். படம் பெரிதாகக் கெடாது. அந்நாளில் கண் வலிக்காமலிருக்க 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை) புதுப்பிப்பை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

2000-களின் நடுவில் எல்சிடி திரைகள் படக்குழாயை அகற்றியபோது இந்தச் சலுகை போய்விட்டது. எல்சிடியில் புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே நிலையானது. 1280×1024 திரையில் 1024×768 படத்தைக் காட்டினால் ஒரு புள்ளி அடுத்த புள்ளியின் மேல் பரவி எழுத்தும் விளிம்பும் மங்கும். திரையின் இயல்பான அளவிலேயே கேமை ஓட்டும் கார்டு தேவைப்பட்டது. மானிட்டரைப் பார்த்துக் கார்டு வாங்க வேண்டும் என்பது அறிவுரையாக இருந்தது போய் மீண்டும் கட்டாயமானது இங்கேதான்.

இணைப்புக் கேபிளும் ஒரு வரம்பானது. 1999-ல் வந்த டிவிஐ, ஒற்றை இணைப்பில் 60 ஹெர்ட்ஸில் 1920×1200 வரைதான் தாங்கும். ஆப்பிள் 2004-ல் 2560×1600 புள்ளிகள் கொண்ட 30 அங்குலத் திரையை வெளியிட்டபோது இரட்டை இணைப்பு டிவிஐ உள்ள கார்டு இல்லாமல் அதை முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. எச்டிஎம்ஐயிலும் இதே கதை. 2009-ல் வந்த 1.4 பதிப்பு 4கே (3840×2160) படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் கடத்தியது. 2013-ல் வந்த 2.0 பதிப்பு 60 ஹெர்ட்ஸையும், 2017-ல் வந்த 2.1 பதிப்பு 120 ஹெர்ட்ஸையும் சாத்தியமாக்கின.

ஹெர்ட்ஸின் மீட்சி

எல்சிடி வந்த பிறகு 60 ஹெர்ட்ஸே பொது வழக்கமாயிற்று. 2009-ல் முப்பரிமாணக் கண்ணாடியோடு பார்ப்பதற்காக 120 ஹெர்ட்ஸ் திரைகள் விற்பனைக்கு வந்தன. சாம்சங்கின் 2233ஆர்இசட் அவற்றில் ஒன்று. கண்ணாடி மோகம் தணிந்தது. ஆனால் வேகமான சுடும் விளையாட்டுகளை ஆடுபவர்கள் கண்ணாடி இல்லாமலே அந்தத் திரைகளின் பலனைக் கண்டுகொண்டனர். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிநொடிதான். எதிராளியின் அசைவு அவ்வளவு முன்னதாகக் கண்ணுக்குத் தெரியும்.

கார்டின் வேகம் சீராக இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். திரை பாதி வரைந்திருக்கையில் புதிய படம் வந்தால் மேல்பாதி பழையதாகவும் கீழ்ப்பாதி புதியதாகவும் கிழிந்து தெரியும். திரையின் அடுத்த புதுப்பிப்பு வரை புதிய படத்தைக் காத்திருக்கச் செய்யும் வி-சிங்க் கிழிசலைத் தடுத்தது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் கார்டு நொடிக்கு 50 படம்தான் தருமென்றால் பல கேம்களில் வேகம் 30-க்கு விழுந்துவிடும். 2013-ல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க் இதைத் தலைகீழாக்கியது: படம் தயாரான பிறகே திரை புதுப்பித்துக்கொள்ளும். இதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015-ல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் ஃப்ரீசிங்க் வகைத் திரைகளுக்குத் தன் கார்டுகளைத் திறந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் கார்டுக்கு எந்த நிறுவனத்தின் திரை என்ற கட்டு அதோடு பெருமளவு அவிழ்ந்தது.

4கேயும் விலையும்

1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 2560×1440 திரையில் 36,86,400. அதாவது ஏறத்தாழ 1.8 மடங்கு. 4கே என்ற 3840×2160 திரையில் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. கார்டின் சுமையும் ஏறக்குறைய இந்த விகிதத்தில் ஏறும். 2018-ல் என்விடியா ஆர்டிஎக்ஸ் வரிசையில், ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் ஒளிக்கதிர்த் தடமறிதலைக் கொண்டுவந்தபோது சுமை மேலும் கூடியது. அதற்கு மாற்றாக அதே ஆண்டில் டிஎல்எஸ்எஸ் வந்தது: கேமைச் சிறிய அளவில் வரைந்து, கற்பித்த நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு பெரிய திரைக்கு விரிப்பது. இதே நோக்கம் கொண்ட ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021-ல் வந்தது. அது மற்ற நிறுவனக் கார்டுகளிலும் இயங்கியது. 4கே திரையில் உயர்தர நிலையில் இவை உள்ளுக்குள் வரைவது 2560×1440 படத்தைத்தான்.

இடையில் விலை எகிறியது. கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கார்டுகளை மொத்தமாக வாங்கியதாலும், கொரோனா காலச் சில்லுப் பற்றாக்குறையாலும், 2020-க்குப் பின் இரண்டு ஆண்டுகள் கேம் ஆடுபவர்களுக்குக் கார்டு கிடைப்பதே அரிதாயிற்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டு தேவையில்லாத முறைக்கு மாறியது. அதே ஆண்டில் இன்டெலும் ஆர்க் என்ற பெயரில் இந்தச் சந்தையில் நுழைந்தது.

வாங்குபவருக்கு

நாற்பதாண்டு அனுபவம் சொல்வது இதுதான்: முதலில் திரை, அடுத்து கேம், கடைசியில் கார்டு. 1080 வரி, 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் உச்சவிலைக் கார்டு வாங்குவது வீண்செலவு. 144 ஹெர்ட்ஸ் திரையில் வாலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் போன்ற எளிய வரைகலைப் போட்டி விளையாட்டுகளை ஆடுபவருக்கு நடுத்தரக் கார்டே போதும்; அங்கே மையச் செயலியின் வேகமும் முக்கியம். சைபர்பங்க் 2077 போன்ற கனமான கதை விளையாட்டுகளை 1440 வரியிலோ 4கேயிலோ பார்க்க விரும்புபவர் கார்டுக்கே அதிகம் ஒதுக்க வேண்டும். நினைவகம் 1080 வரிக்கு 8 ஜிபி, 1440 வரிக்கு 12 ஜிபி, 4கேக்கு 16 ஜிபி என்ற அளவில் இருந்தால் சில ஆண்டுகளுக்குத் தாங்கும்.

பணம் கொடுக்கும் முன் மின்வழங்கியின் திறன், பெட்டிக்குள் கார்டின் நீளத்துக்கு இடம், திரையிலும் கார்டிலும் ஒரே தலைமுறை டிஸ்ப்ளேபோர்ட் அல்லது எச்டிஎம்ஐ ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். வாங்கி வந்ததும் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகி, விண்டோஸ் அமைப்பில் திரையின் முழு ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் 144 ஹெர்ட்ஸ் திரை 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.